ஒரு மணிப் பாட்டில்கள்

மார்ச் 11

மறுபடியும் காலிப் பாட்டில்கள். இருபத்திரண்டில் பத்தொன்பது.

காலை ஐந்துக்கு வேலை தொடங்கும்போது கொடுக்கிற பாட்டில்கள் ஒழுங்காக நிறைந்து வருகின்றன. வேலை முடிகிற ஒரு மணிக்குக் கொடுப்பவைதான் மூடிகூடத் திறக்கப்படாமல் கைக்குத் திரும்புகின்றன. கேட்டால், "வரல டீச்சர்." இந்த உப்பளத்தில் எடைக்கருவியும் வெப்பமானியும் தூக்கிக்கொண்டு வருகிற எவளும் டீச்சர்தான்.

என் முனைவர் பட்ட ஆய்வை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வெயிலில் எட்டு மணி நேரம் உப்பு வாருகிற பெண்களின் உடம்பு தண்ணீரை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறது? காலைச் சிறுநீரையும் மதியச் சிறுநீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு மதியச் சிறுநீர் வேண்டும். நான்காவது வருடம் இது.

பஸ்ஸில் மடியில் ஐஸ்பெட்டி. பக்கத்து சீட்டு அம்மாள், "மீனாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "என்ன மீனு?" நெத்திலி என்றேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

தண்ணீர் பாட்டிலை அறையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். ஐஸ்பெட்டியே ஆறு கிலோ.

மார்ச் 14

நெறியாளர் குலசேகரன் சார் அட்டவணையைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் நல்லதில்லை.

"மிஸ்ஸிங், மிஸ்ஸிங், மிஸ்ஸிங்னு ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கே. இதை வச்சுக்கிட்டு ஜூன் கமிட்டி முன்னாடி நான் எப்படிம்மா உட்கார்றது?"

"வரலைங்கறாங்க சார்."

"வர வைக்கணும். அதுதான் களப்பணி. அவங்களுக்குப் புரியற மாதிரி நீ சொல்லலை."

ஜூன் 20 அன்று முனைவர் குழு கூடுகிறது. அவர்கள் சரி என்று கடிதம் கொடுத்தால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். அந்தக் கடிதத்தைக் காட்டினால் என் பழைய கல்லூரியில் உதவிப் பேராசிரியர் இடம் எனக்கு. துறைத் தலைவி சுகந்தி மேடம் ஜூலைவரை பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே ஆறு வருடம் ட்யூட்டராக இருந்தேன். முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு நான்தான் சிறுநீரகம் எடுத்தேன். அவர்கள் டாக்டராகி வந்து வராந்தாவில் என்னைப் பார்த்துத் தலையசைப்பார்கள். நான் அதே ட்யூட்டர். முனைவர் பட்டம் இல்லாமல் உடலியங்கியலில் என் படி அங்கேயே முடிந்துவிடும்.

மார்ச் 15

துணி துவைத்தேன். வெள்ளைக் கோட்டில் உப்புக் கறை போகவில்லை.

மார்ச் 18

இன்று வேலை முடிந்ததும் எல்லோரையும் ஓலைக் கொட்டகை நிழலில் உட்கார வைத்துப் பேசினேன். சிறுநீர் என்றால் என்ன, அதில் என்ன தெரியும், யார் பெயரும் வெளியே வராது, எல்லாம் சொன்னேன். தலையாட்டினார்கள். ஒன்பதாம் எண் செல்வமேரி கொட்டாவி விட்டாள். கடைசியில் சொல்லிவிட்டேன்: "நீங்க குடுக்கலைன்னா என் படிப்பே போயிரும்க்கா. நாலு வருசம். எல்லாமே போயிரும்."

இவர்களில் மூத்தவர் மாடத்தி அக்கா, பதினான்காம் எண். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கணக்கப்பிள்ளையையே அதட்டுகிற குரல். அவர்தான், "ஏட்டி, புள்ள அழுதாட்டி" என்றார்.

நான் அழவில்லை. கண்ணில் உப்புத் தூள் விழுந்திருந்தது.

மார்ச் 21

இருபத்திரண்டும் நிறைந்து வந்தன! இருபத்திரண்டும்!

மாடத்தி அக்காதான் எல்லோரிடமும் வாங்கித் துடைத்து, பெட்டியில் வரிசையாக அடுக்கிக் கொடுத்தார். "இப்ப சந்தோசமா?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உப்பில் ஊறி ஊறிக் கட்டையாகிப் போன கை.

புரியும்படி சொன்னால் கொடுக்கிறார்கள். சார் சொன்னது சரிதான்.

மார்ச் 28

ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் சிறுநீர் எவ்வளவு அடர்த்தி என்று எண் தெரியும். வெறும் தண்ணீர் 1.000. உடம்பில் நீர் குறையக் குறைய எண் ஏறும். 1.020 தாண்டினால் பற்றாக்குறை.

இன்றைய மதியம்: 1.018, 1.018, 1.018, 1.019, 1.018... இருபத்திரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டது போல. இவ்வளவு நெருக்கமான தரவு நான் பார்த்ததில்லை. சார் முகம் மலர்ந்துவிட்டது.

"பழகின உடம்பு! தலைமுறை தலைமுறையா வெயில்லயே நின்னு பழகின உடம்பு. நீர்ச்சத்து போதுமானதா இருக்குன்னு எழுது. உப்பு உற்பத்தியாளர் கூட்டத்துல பேசக் கூப்பிட்டிருக்காங்க, அங்கயே சொல்லிடலாம்."

காலை எண் 1.026. எட்டு மணி நேர வெயிலுக்குப் பிறகு 1.018. காலையைவிட மதியம் நீர்த்திருப்பது கொஞ்சம் விசித்திரம்தான். ஹார்மோன் வழியாக ஒரு விளக்கம் எழுதலாம். யோசிக்கிறேன்.

ஏப்ரல் 6

மூன்று நாட்களாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். வெயில் சூடு. தெருமுனை கிளினிக்கில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறேன் என்று கேட்டதற்கு இரண்டு லிட்டர் என்றேன்.

கரூரிலிருந்து அப்பா போன். "ஏனம்மணி, இன்னும் அந்த உப்புக் காட்டுலதான் நிக்கறியா? ஏசி ரூம்ல உக்காந்து படிக்கற டாக்டர் பட்டமெல்லாம் இல்லியா?" கண்டக்டராக முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். அவருக்கே நான் நிற்பது பொறுக்கவில்லை.

ஏப்ரல் 22

நாற்பது டிகிரி. பாத்தியின் வெள்ளை, கண்ணாடி போட்டும் கண்ணைக் குத்துகிறது. முழங்கால்வரை உவர்நீரில் நின்றுகொண்டு பலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்றுகிறார்கள். நான் எட்டு மணி நேரம் வரப்பில் நின்று எடையும் நாடித்துடிப்பும் குறிக்கிறேன். ஒருவரும் நடுவில் எங்கும் போவதில்லை. வேலையில் அப்படி ஒரு கவனம்.

நான் காலை நான்கு மணிக்கு மேல் எதுவும் குடிப்பதில்லை. அது வசதி.

மே 2

ஹார்மோன் பகுதி பத்துப் பக்கம் எழுதினேன். சார் நன்றாக இருக்கிறது என்றார். எரிச்சல் மறுபடி வந்திருக்கிறது. மாத்திரை மிச்சம் இருந்தது, போட்டுக்கொண்டேன்.

மே 9

ஆய்வக உதவியாளர் சேவியர் அண்ணன் அலமாரியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சிறுநீரில் சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் நாலு டப்பா, இந்த மாதத்தோடு காலாவதி. "தூரப் போடவா, நீங்க எதுக்கும் வச்சுக்கிடுதியளா?" என்றார். வீணாகப் போவானேன் என்று இன்றைய மாதிரிகளில் ஒவ்வொன்றாகத் தோய்த்தேன்.

காலைப் பாட்டில்களில் ஒன்றே ஒன்றில் சர்க்கரை. எண் 14.

மதியப் பாட்டில்களில் இருபத்திரண்டிலும் சர்க்கரை. எல்லாம் ஒரே கரும்பழுப்பு.

ஸ்ட்ரிப் பழுது.

மே 10

ஸ்ட்ரிப் பழுதில்லை. வேறு டப்பா பிரித்துப் பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் பார்த்தேன், நிறம் மாறவில்லை. ஃப்ரீசரில் இருந்த ஏப்ரல் மாதிரிகளை எடுத்து உருக வைத்துப் பார்த்தேன். காலை: ஒன்று. மதியம்: இருபத்திரண்டு.

இருபத்தொரு பெண்களுக்குக் காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் சர்க்கரை வியாதி வந்து, மறுநாள் காலையில் போய்விடாது.

சேவியர் அண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். அது அப்படியே ஆறிப்போனது.

மே 12

கொட்டகையில் மாடத்தி அக்காவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். சத்தம் போடக் கூடாது என்று நினைத்திருந்தேன். போட்டுவிட்டேன்.

"எல்லாப் பாட்டில்லயும் நீங்களா ஊத்துனீங்க?"

அவர் மறைக்கவே இல்லை. "ஆமா. ஒரு செம்புல புடிச்சு எல்லாத்துக்கும் பங்கு வச்சேன். என்னவாம்?"

"ஏன்க்கா?"

"நீதான படிப்பு போயிரும்னு அழுதே. இவளுவளுக்கு வரல. என்ன செய்யச் சொல்லுத?"

"ஏன் வரலைன்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேட்டியா? வரணும் வரணும்னுதான் கேட்ட." அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "நாலு பக்கமும் வெட்டவெளி. ஒரு மறைப்பு கெடையாது. லாரில ஆம்பளையள் வந்துபோயிட்டே இருக்கான். எங்கன போய் இருக்க? விடியுமுன்ன வீட்ல போறதுதான், பெறவு வீட்டுக்குப் போய்த்தான். தண்ணி குடிச்சாத்தான ஒண்ணுக்கு வரும்? அதனால ஒருத்தியும் குடிக்கமாட்டா. எனக்கு அடக்க முடியாது, சும்மா சும்மா வரும். தாகமும் தீராது. மோட்டார் ரூமு பின்னால போயிருவேன். இந்த வயசுல எவன் பாத்தா என்ன?" பிறகு மெதுவாக, "ஊத்துனது தப்பா டீச்சர்?" என்றார்.

இரண்டு மாத உழைப்பு ஒரு செம்பிலிருந்து வந்திருக்கிறது. கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

சேவியர் அண்ணனிடம் இரவல் வாங்கிய சர்க்கரைக் கருவியில் அவர் விரலைக் குத்திப் பார்த்தேன். 412.

மே 14

மாடத்தி அக்காவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நான்கு வருடமாவது இருந்திருக்கும் என்றார் டாக்டர். கால் விரலில் ஆறாத புண் ஒன்று. உப்புத்தண்ணீர் பட்டது என்றுதான் இவர் நினைத்திருக்கிறார். இரண்டு மாதமாக வாரம் இரண்டு முறை இவருடைய சிறுநீர் என் மேசைக்கு வந்துகொண்டிருந்தது, இருபத்திரண்டு பாட்டிலாக.

மே 16

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஸ்ட்ரிப் டெஸ்ட் நம்ம ப்ரோட்டோகால்ல இருக்கா?"

"இல்லை சார்."

"அப்ப நீ ஏன் பண்ணினே?"

சார் அட்டவணையை மூடி வைத்தார்.

"பார், வான்மதி. அந்த அம்மாவுக்கு வைத்தியம் ஆரம்பிச்சாச்சு. நல்லது பண்ணியிருக்கே. ஆனா நமக்குத் தேவையானது அடர்த்தி எண் மட்டும்தான். அது கையில இருக்கு. நான் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போறேன். அப்புறம் புது நெறியாளர், புதுத் தலைப்பு, இன்னும் நாலு வருஷம். உனக்கு முப்பத்திரண்டு வயசாச்சு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரி சார்" என்றேன்.

எழுதும்போது இந்த வரியை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். சொன்னது சொன்னதுதான். சரி சார் என்றேன்.

மே 24

ஸ்லைடுகள் முடிந்தன. காலைக்கும் மதியத்துக்குமான வரைபடம் மிக அழகாக வந்திருக்கிறது.

மே 27

களத்துக்குப் போகவில்லை. இனிப் போக வேண்டியதில்லை.

மே 31

மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். இடது கையில் குளுக்கோஸ் ஏறுகிறது.

முந்தாநாள் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது விலாவுக்குப் பின்னால் குத்துவலி. சேவியர் அண்ணன்தான் ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார். கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து மேலேறிச் சிறுநீரகத்துக்குப் போய்விட்டது. படம் வரைந்து, பாகம் குறித்து, நானே எத்தனை வகுப்புகளில் நடத்திய பாடம்.

டாக்டரம்மா கேட்டார், "தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

இந்த முறை, "களத்துக்குப் போற நாள்ல காலைல நாலு மணியிலேருந்து ரெண்டு மணி வரைக்கும் ஒண்ணுமில்லை" என்றேன்.

"ஏன்?"

"அங்கே போறதுக்கு இடமில்லை."

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"உடலியங்கியல் ஆய்வு. சிறுநீரகம்."

அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பரிசோதனைக்கு நர்ஸ் ஒரு பாட்டில் கொடுத்தார். அதே அளவு, அதே வெள்ளை மூடி. ஒரு மணி நேரம் கழிவறையில் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வெளியே வந்து, "வரலை சிஸ்டர்" என்றேன். அவர் கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்து, நேரம் போட்டு, வெளியேறிய சிறுநீர் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினார். சிவப்பு மையில். எழுதிவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடப் போனார்.

விடுபட்டது என்று எழுதவில்லை. கட்டத்தைக் காலியாக விடவும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக ஒரு டாக்டர் மாடி ஏறி வந்தார்.

மார்ச் மாதம் நான் பத்தொன்பது பேருக்கு "மிஸ்ஸிங்" என்று எழுதினேன்.

ஜூன் 5

புது அட்டவணை. மார்ச் 21 முதலான மதிய எண்கள் முழுவதும் நீக்கம். அதற்கு முன்பு வந்த காலிப் பாட்டில்கள் எல்லாம் பூஜ்ஜியம்.

சார் கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை. "அழகான ஒரு பேப்பரை நீயே கிழிக்கறே. கமிட்டியில நீயே பேசிக்கோ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

ஜூன் 20

நாற்பது நிமிடம் நின்றேன். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியை ஒருவர் கடைசியில் கேட்டார்: "இது பூஜ்ஜியமா, விடுபட்டதா? தெளிவாச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணில்லை."

"பூஜ்ஜியம்தான் மேடம். எட்டு மணி நேரம் வெயில்ல வேலை செஞ்ச பிறகு சிறுநீர் இல்லை. கேட்டுக் குறிச்சிருக்க வேண்டியது நான். குறிக்காம விட்டுட்டேன்."

"ரெண்டு மாசத் தரவு ஒரே ஆளோடதுன்னு எப்பத் தெரிஞ்சது?"

"மே பத்து."

"இன்னிக்கு ஜூன் இருபது."

"ஆமாம் மேடம்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். முடிவு: பழைய தரவு செல்லாது. நேரமும் அளவும் குறித்து முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஆறு மாத அவகாசம். கடிதம் கிடையாது.

சார் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஜூன் 23

அவகாச விண்ணப்பம் என் மேசைமேல் இருந்தது. சாரின் கையெழுத்து இருந்தது. குறிப்பு எதுவும் இல்லை.

ஜூலை 2

சுகந்தி மேடம் போன் செய்தார். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். "ட்யூட்டரா வேணும்னா எப்ப வேணாலும் வா" என்றார். நன்றி சொன்னேன்.

இரண்டு மணி நேரம் ஃப்ரீசரைச் சுத்தம் செய்தேன்.

ஜூலை 15

உப்பளத்து வாசலில் கணக்கப்பிள்ளை கயிறு கட்டி நின்றுகொண்டிருந்தார். "இனி உள்ள வரப்பிடாதாம்மா. மேல இருந்து உத்தரவு. என்னமோ கக்கூஸ் இல்லைன்னு கமிட்டில பேசினியளாமே? எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு, என்னைய மாட்டி வுட்டுராதிய."

நல்ல மனிதர்தான். குடிக்க மோர் கொடுத்து அனுப்பினார். ஐஸ்பெட்டியோடு அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். இந்த நான்கு வருடத்தில் யார்மீதும் வராத கோபம் அந்தக் கயிற்றின்மீது வந்தது. அவ்வளவு இத்துப்போன கயிறு. தாண்டியிருக்கலாம். தாண்டினால் வேலை போவது உள்ளே இருக்கிற பெண்களுக்கு.

சாயங்காலம் மாடத்தி அக்காவுக்குப் போன் செய்து, முடிந்தது, இனி வர முடியாது என்றேன். "பஸ் ஸ்டாண்டு என்ன அவன் அப்பன் வீட்டு எடமா?" என்றார்.

ஜூலை 18

காலை நாலரைக்கே உப்பளத்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டேன். வேலைக்குப் போகிற வழியில் ஒவ்வொருவராக நின்று பாட்டில் கொடுத்தார்கள், கடைசியாக எப்போது போனோம் என்று நேரம் சொன்னார்கள். இன்னொரு பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு போனார்கள். வருவார்களா என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சுவரில்லாத, கூரை மட்டும் உள்ள நிறுத்தம். இனி நாளுக்கு மூன்று லிட்டர் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் குடித்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்று இருபதுக்கு வந்தார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர், எட்டு மணி நேர வேலைக்குப் பிறகு, வெயிலில். மாடத்தி அக்கா முன்னால்.

"பொய் கெடையாது டீச்சர். இருக்கது இருக்கு, இல்லாதது இல்ல" என்றார். அவரே பேர் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியும் பாட்டிலை நீட்டினாள். அளந்து, நேரத்தோடு எழுதினேன். பூஜ்ஜியம். பூஜ்ஜியம். எட்டு மில்லி, காப்பி நிறம். பூஜ்ஜியம்.

செல்வமேரி தன்னுடையதை நீட்டிவிட்டு நோட்டை எட்டிப் பார்த்தாள். "எனக்கு என்ன எழுதிருக்கிய?"

"பூஜ்ஜியம்."

"அத எழுதுனா படிப்புப் போயிராதா?"

"போகாது. இதுதான் படிப்பு."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் பக்கத்திலேயே நின்று, எல்லோருடைய எண்ணையும் எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மொத்தம் இருபத்திரண்டு பேர், பதினெட்டுப் பூஜ்ஜியம்.

மாடத்தி அக்காவுடையதில் இருபது மில்லிகூட இல்லை. "மாத்திரை போட்டதுலேர்ந்து எனக்கும் முன்ன மாதிரி வரல" என்றார், ஏதோ குறை சொல்வதுபோல. கால் விரலில் புண் உலர்ந்திருந்தது.

பெட்டியை மூடினேன். பஸ் தூரத்தில் தெரிந்தது. ஊர் போய்ச் சேர ஒரு மணி நேரம். நான் காலையிலிருந்து இரண்டு லிட்டருக்கு மேல் குடித்திருந்தேன்.

"அக்கா" என்றேன். "எனக்கு அவசரமா இருக்கு."

என் வாயால் இதை யாரிடமும் சொன்னதில்லை. முப்பத்திரண்டு வயது.

மாடத்தி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எம்புட்டு நேரமா?"

"பத்து மணியிலேருந்து."

"கூறுகெட்டவளே" என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "வாங்கட்டி."

நிறுத்தத்துக்குப் பின்னால் முள் அடர்ந்த ஒரு உடைமரம் இருந்தது, இடுப்புயரம்கூட இல்லை. அதைச் சுற்றி அவர்கள் முதுகு காட்டி வட்டமாக நின்றார்கள். முந்தானைகளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கை வரைக்கும் இழுத்துப் பிடித்தார்கள். உள்ளே மஞ்சளும் பச்சையுமாக வெளிச்சம் விழுந்தது. பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் பாதியில் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"நீ இரு" என்றார் மாடத்தி அக்கா, திரும்பிப் பார்க்காமலே. பிறகு ரோட்டைப் பார்த்து, உப்பளம் முழுக்கக் கேட்கிற குரலில்:

"நில்லும்யா! எறங்கி வந்துரப்பிடாது, அப்படியே நில்லும். புள்ள வரும்."

பஸ் நின்றது.